இரண்டிலும் ஐம்பத்தைந்து

பத்து நிமிஷம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். தீர்த்தகிரியின் பத்து நிமிஷம் எவ்வளவு நீளும் என்று இருபத்தாறு வருஷமாக அவனோடு குடும்பம் நடத்துகிற பூங்கோதைக்குத் தெரியாதா என்ன, தெரிந்தேதான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கிரகப்பிரவேச வீட்டுக்குக் கொடுக்க வாங்கிய குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, சேலம் ஜங்ஷன் ரோட்டு டயர்க் கடையின் கண்ணாடி அறைக்குள் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். ஏசி இருக்கிறது, ஓடவில்லை. சோபா இருக்கிறது, உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்கிறது. புது ரப்பர் நாற்றம் தொண்டை வரை இறங்கி அங்கேயே குடியிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கார் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருக்க, அதற்கு அடியில் தீர்த்தகிரி கைகளை இடுப்பில் ஊன்றி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்னத்தைப் பார்க்கிறான்? காரின் அடியில் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? ஜவ்வரிசி ஆலையில் மாவு காய்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கும் இப்படித்தான் நிற்பான், உத்தரத்தைப் பார்ப்பதற்கும் இப்படித்தான் நிற்பான், மகன் பிறந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்திலும் இதே இடுப்பில் கைதான். தெரிந்த மாதிரி நிற்பது ஒன்றுதான் அவன் கற்றுக்கொண்ட வித்தை. நாளைக்குக் கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேரோடு கொல்லிமலைக்குப் போகிறான். எழுபது கொண்டை ஊசி வளைவு. அதற்குப் பின்சக்கரம் இரண்டும் அகலமாக இருக்க வேண்டுமாம், ரிம்மும் அகலம், டயரும் அகலம், முன்னால் பழையதே போதுமாம், ஏனென்றால் அந்தக் கூட்டாளிகளில் ஒருவனான கதிரவனுடைய காரில் அப்படித்தான் இருக்கிறதாம். கதிரவன் கிணற்றில் குதித்தால் இவன் குதிப்பதோடு நிற்கமாட்டான், பின்பக்கமாகக் குதித்து அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவான்.

படிக்க ஒரு பேப்பர்கூட இல்லாத கடை. சோபாவுக்கு முன்னால் கிடந்த புத்தகத்தில் கார்கள் மேல் பெண்கள் சாய்ந்து நின்றார்கள், அதை எடுத்த வேகத்தில் வைத்துவிட்டாள். காரைத் தூக்குவதற்கு முன் டேஷ்போர்டில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதற்குள் காரோடு வந்த கையேடு, மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். வாங்கிய பொருளின் கையேட்டைப் படிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைக்கிற ஆண்பிள்ளை. பூங்கோதை பிரித்தாள். சக்கரங்கள் என்ற பகுதிக்குப் போனாள். எண்களைக் கண்டால் அவளுக்கு ஒரு நிம்மதி, எண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதில் முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் உயரம், அதாவது ரிம்முக்கு மேல் நிற்கிற ரப்பரின் உயரம், அது அகலத்தில் இத்தனை சதவீதம். சதவீதம். அவள் அந்த இடத்தில் நின்றாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த புது டயரில் 255, அப்புறம் 55. காரின் முன்சக்கரத்தில் 225, அப்புறம் 55. கிரகப்பிரவேசப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இருநூற்று இருபத்தைந்தில் ஐம்பத்தைந்து சதவீதம் நூற்று இருபத்து மூன்றே முக்கால். இருநூற்று ஐம்பத்தைந்தில் நூற்று நாற்பதே கால். வித்தியாசம் பதினாறரை, சக்கரத்துக்கு மேலும் உண்டு கீழும் உண்டு, ஆக முப்பத்து மூன்று. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரிசு. சுற்றளவு என்று பார்த்தால் பத்து சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன்சக்கரம் இருபது சுற்று அதிகமாகச் சுற்றியாக வேண்டும். கொல்லிமலை தொண்ணூறு கிலோமீட்டர், ஆயிரத்து எண்ணூறு சுற்று. பேனாவை மூடினாள், திரும்பத் திறந்து மறுபடி போட்டுப் பார்த்தாள், அதே விடை வந்தது, வராமல் எங்கே போகும்.

கையேட்டில் அடுத்த பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி. இந்தக் கார் நாலு சக்கரத்தாலும் இழுக்கிற கார், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கிட்டுக் கொடுக்க நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது, நாலு டயரும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது வருகிற வித்தியாசத்தை அந்தப் பெட்டி சற்று நேரம் தாங்கும், நேர்ச்சாலையிலும் விடாமல் தாங்கச் சொன்னால் எண்ணெய் கொதித்து, தேய்ந்து, கடைசியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கதிரவனுடைய கார் பின்சக்கரத்தால் மட்டும் இழுக்கிற கார், அதற்கு முன்னால் எதைப் போட்டாலும் பின்னால் எதைப் போட்டாலும் கேட்பாரில்லை. இதற்கு அப்படி இல்லை. இது தெரியாமல்தான் கெத்து, ஸ்டைல், பின்னாலிருந்து பார்த்தால் சிங்கம் உட்கார்ந்திருக்கிற மாதிரி என்றெல்லாம் ஒரு வாரமாக வீட்டில் பேச்சு. சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த உடனே அதைப் பிடித்து உட்கார வைத்தாள். கேட்டானா? எப்போதாவது, ஒரே ஒரு தடவை, இது சரியா என்று அவளிடம் கேட்டிருக்கிறானா? மொட்டை மாடிக்குப் படி கட்டினான், மேஸ்திரி சொன்னதைக் கேட்டுக் கட்டினான், மொத்த உயரத்தைப் படிகளால் வகுக்க வீட்டுக்குள் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வரவில்லை, ஏழாவது படி மட்டும் ஒரு அங்குலம் தூக்கி நிற்கிறது, பதினான்கு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாரும் அங்கே தடுக்கி, ஏழாவது படியில் பார்த்து வாங்க என்று வாசலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துபோயிற்று. கணக்கு டீச்சரா, எனக்குக் கணக்குன்னாலே பயங்க என்று சொல்லிச் சிரித்தான், அவனுடைய அக்காக்கள் சிரித்தார்கள், அவளுடைய அப்பாகூடச் சிரித்தார். காபித் தட்டோடு நின்றுகொண்டே அவள் மனசுக்குள் அவனுக்கு மார்க் போட்டாள். முப்பத்தைந்துக்குக் கீழே. அதற்கப்புறம் அந்தத் தாளை அவள் திருத்தவே இல்லை, திருத்தும்படி அவனும் நடந்துகொள்ளவில்லை.

சொல்லப்போவதில்லை. போகட்டும். நாமக்கல் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது, பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள், ஐந்து கிழட்டு மாணவர்களும் ஹாஸ்டல் கதை பேசுவார்கள், அடிவாரத்தில் பஜ்ஜி தின்பார்கள். மலை ஏற ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஒரு வாடை வரும். கதிரவன் மூக்கை உறிஞ்சுவான். என்னடா மச்சான், ஏதோ கருகுது? இருபதாவது வளைவு, முப்பதாவது வளைவு, அப்புறம் ஒரு வளைவில் நடுச்சாலையில் கார் நின்றுவிடும், பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் பலாப்பழ லாரி, ஹாரன், திட்டு, இவன் இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். அந்தக் காட்சி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, வியர்த்த கழுத்தில் காற்றுப் பட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை பஸ் கொஞ்சம் வேகமாக வந்தது. இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறதே, எப்போது பிடிக்கும், ஏறும்போதா இறங்கும்போதா, அதை மட்டும் ஏன் எழுதவில்லை. இறங்கும்போது என்றால் என்ன ஆகும். வலது பக்கம் பள்ளம். குத்துவிளக்கின் விளிம்பு வயிற்றில் அழுத்தியது, நகர்த்தி வைத்தாள், நகர்த்திய இடத்திலும் அழுத்தியது. போன் அடிக்கும், கதிரவனின் நம்பராக இருக்கும், சிஸ்டர் என்று ஆரம்பிப்பான். பெங்களூரில் இருக்கிற மகனுக்கு அவள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா போட்ட டயர் தப்புடா. உங்களுக்குத் தெரியுமாம்மா? தெரியும்டா, பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். சே. இதென்ன புத்தி. ஒன்றும் ஆகாது, இவனுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, நடுரோட்டில் நிற்பான், அவ்வளவுதான், நிற்கட்டும், ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் நிற்கட்டும். மூடிய பேனாவின் மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே காற்றுத் துப்பாக்கி நட்டுகளை முடுக்கியது. பல்லில் இறங்குகிற சத்தம். ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார்கள். தீர்த்தகிரி குனிந்து டயரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். மாட்டுச் சந்தைக்கு வந்தவன்கூட இதைவிட அர்த்தத்தோடு தட்டுவான். அப்புறம் போனை எடுத்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் படம் எடுத்தான். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டான். முட்டி வலிக்கிற வயசில் அகல டயர். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான், வந்ததும் வெளியே இருந்த வெக்கையில் பாதி கூடவே வந்தது.

"எப்படி இருக்கு, பாத்தியா?"

"ம்."

"இங்கிருந்து தெரியாது. பின்னாடி வந்து நின்னு பாரு, வண்டியே மாறிப்போச்சு."

"எனக்கு என்னங்க தெரியும் இதிலெல்லாம்."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். "டீ சொல்லட்டுமா, பக்கத்துல இஞ்சி டீ நல்லாருக்கும்" என்றான். வேண்டாம் என்றாள். அவன் தனக்கு வாங்கிக்கொள்ளச் சாலையைத் தாண்டிப் போனான், இரண்டு பக்கமும் பார்க்காமல், கையை மட்டும் நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டு. எனக்கு என்னங்க தெரியும். இந்த ஒரு வாக்கியம் போதும் அவளுக்கு. இதைத் தணிவாகச் சொல்ல வேண்டும், மரியாதையோடு சொல்ல வேண்டும், கேட்கிறவனுக்குப் பாராட்டு மாதிரி இருக்க வேண்டும். படி கட்டும்போது சொன்னாள், தண்ணீர்த் தொட்டியை வடமேற்கில் வைத்தபோது சொன்னாள், மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்றபோது சொன்னாள். சொல்லிவிட்டு அந்தண்டை போய்க் காத்திருப்பாள், தப்பு நடக்கும், நடந்ததும் வாயே திறக்கமாட்டாள். வாயைத் திறந்து திட்டுகிற பெண்களை அவளுக்குப் பிடிக்காது. ஸ்டாஃப் ரூமில் வீட்டுக்காரனைப் பற்றி மூக்கைச் சிந்துகிற வரலாறு டீச்சரையும் பிடிக்காது. திட்டினால் அவனுக்குச் சமமாக இறங்கிப் போன மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அன்றைக்கு என்னவோ சும்மா இருக்க முடியவில்லை. விடை தெரிந்தும் தாளை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவஸ்தை. அதோடு அந்தக் கடைக்காரன் சாதிக் வேறு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தான், நாற்பது வயசிருக்கும், சட்டைப் பையில் காற்றழுத்தம் பார்க்கிற கருவியைப் பேனா மாதிரி செருகிக்கொண்டு. இதே தொழிலில் இருக்கிறவன், இவனுக்குமா தெரியாது? தெரிந்துகொண்டே வியாபாரம் ஆனால் போதும் என்று மாட்டுகிறானா, இல்லை அவனும் ஒரு தீர்த்தகிரியா? இரண்டில் எதுவாக இருந்தாலும் அதை நேரில் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. குத்துவிளக்கைச் சோபாவில் வைத்துவிட்டு வெளியே போனாள். கார் கீழே இறங்கியிருந்தது. பின்பக்கம் உண்மையிலேயே தூக்கலாகத்தான் நின்றது.

"ஏங்க, முன்னாடி சக்கரமும் பின்னாடி சக்கரமும் ஒரே உயரமா?" என்றாள், ஒன்றும் தெரியாத குரலில்.

சாதிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "இல்லைங்க மேடம். பின்னாடி மூணு சென்டி ஏறும்."

"இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாச்சே. ஏறலாமா?"

"ஏறக் கூடாதுங்க. சார்கிட்ட வெள்ளிக்கிழமையே சொன்னேன். அகலம் மாறினா பரவால்ல சார், உயரம் மாறக் கூடாது, நடுப்பெட்டி போயிரும்னு. பின்னாடி எரநூத்தி நாப்பத்தஞ்சு அகலம், அம்பதுன்னு ஒரு சைஸ் இருக்கு, அது போட்டா உயரம் அப்படியே உக்காரும், அகலமும் கிடைக்கும். இதே ரிம்லயே ஏறும், ஸ்டாக்கும் இருக்குது."

அவள் மனசுக்குள் உடனே போட்டுப் பார்த்தாள், நூற்று இருபத்திரண்டரை, மொத்தத்தில் இரண்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், சரியாக உட்காருகிறது. ஒரு புன்னகைகூட வந்துவிட்டது. "சொல்லியும் கேக்கலையாக்கும்."

"கேக்கலீங்க. அதெல்லாம் ஒண்ணுதான், உயரம் மாறாதுன்னாரு. நான் கால்குலேட்டர எடுத்தேன். வேண்டாம் பாய், எங்க வீட்ல கணக்கு டீச்சர், நேத்து ராத்திரிதான் அவங்ககிட்ட கேட்டேன், ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க, அவங்க கணக்குல தப்பு வராதுன்னாரு." சாதிக் தயங்கினான். "டீச்சரே சொன்னதுக்கப்புறம் நான் என்னங்க பேசறது?"

வியாழக்கிழமை. வியாழக்கிழமை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? காலாண்டுத் தேர்வுத் தாள்கள், பத்தாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்தொன்று, சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்து, சிவப்புப் பேனா. அவன் வந்து நின்றிருக்கிறான். நின்றானா? நின்றான். சமையலறை வாசலில், கையில் ஒரு துண்டுச் சீட்டு. எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறவன் அன்றைக்குச் செருமாமல் நின்றதால் அவளுக்கு முதலில் தெரியவில்லை. பூங்கோதை, ஒரு சந்தேகம். இதுல ரெண்டு டயர்லயும் பின்னாடி அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு, அப்ப ரெண்டும் உயரம் ஒண்ணுதானே? அவள் தலையைத் தூக்கவில்லை. சீட்டைக் கையில் வாங்கவில்லை. எந்த இரண்டு, எதில் ஐம்பத்தைந்து, ஒன்றும் கேட்கவில்லை. டயர் என்ற சொல்லே எரிச்சலாக இருந்தது. அம்பத்தஞ்சும் அம்பத்தஞ்சும் ஒண்ணுதான், இதைக்கூட ஒருத்தர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா என்றாள். இல்ல, உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான் என்று சொல்லிவிட்டு அவன் போனான். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அவன் போனதுகூட அவளுக்கு அப்போது தெரியவில்லை, சீட்டை மடித்த சத்தம் இப்போதுதான் கேட்கிறது. கேட்டிருக்கிறான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் கேட்டிருக்கிறான். ஒரு தடவைதானா? படி கட்டும்போது கேட்டானா, தொட்டி வைக்கும்போது கேட்டானா, அப்போதெல்லாம் அவள் எதைத் திருத்திக்கொண்டிருந்தாள்? ஞாபகத்தைத் துழாவினாள், ஒவ்வொரு இடத்திலும் அவன் வாசலில் நிற்பது போலவும் இருந்தது, நிற்காதது போலவும் இருந்தது. பயமாக இருந்தது, மலையை நினைத்தபோது வந்த பயத்தைவிடக் கேவலமான பயம்.

"ஒரு வார்த்த சொல்லுங்க மேடம், இப்பவே அந்த நாப்பத்தஞ்ச மாத்திக் கொடுத்தர்றேன். அரை மணி நேரம்" என்றான் சாதிக்.

ஒரு வார்த்தை. நான் தப்பாச் சொல்லிட்டேங்க. அவ்வளவுதான். மூன்று சொல். பிள்ளைகளிடம் தினமும் எழுதச் சொல்கிறாள், பிழைத்திருத்தம் என்று தலைப்புப் போட்டு. தீர்த்தகிரி சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தான், ஒரு கையில் டீ, இன்னொரு கையிலும் டீ. வேண்டாம் என்று சொன்னவளுக்கும் ஒன்று வாங்கி வருகிறான், சொன்னது காதில் விழுந்தால்தானே என்று மனசு பழக்கத்தில் ஆரம்பித்தது, பாதியில் நின்றது. அவன் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, காருக்குப் பின்னால், அவன் நிற்கச் சொன்ன அதே இடத்தில் அல்லவா நிற்கிறாள்.

"பாத்தியா? எப்படி?"

சாதிக் அவளைப் பார்த்தான். அவள் டயரைப் பார்த்தாள். மூன்று சொல்லும் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தன, உதட்டைத் திறந்தால் வந்துவிடும் என்றுதான் திறந்தாள்.

"நல்லா இல்லைங்க" என்றாள். "பின்னாடி மட்டும் உப்பின மாதிரி. எனக்குப் பிடிக்கல."

அவன் இடுப்பில் கை வைக்கவில்லை, இரண்டு கையிலும் டீ இருந்தது. டயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்ப டயரைப் பார்த்தான். ஏன் என்று கேட்பான், வாதாடுவான், உனக்கு என்ன தெரியும் என்று சொல்வான், சொன்னால் நன்றாக இருக்கும், சொல்லமாட்டானா என்று அவள் காத்திருந்தாள்.

"அப்படியா" என்றான். "சரி, அப்ப வேண்டாம். பழசையே மாட்டிருங்க பாய்." டீயை அவளிடம் நீட்டினான். நீட்டிவிட்டு, ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனான். "கதிரு, இல்லடா, அகல டயர் போடல. வீட்ல பாத்தாங்க, வேண்டாம்னுட்டாங்க. ஆமாடா, சிரி. அவ சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்."

சாதிக் வேலையாளைக் கூப்பிட்டான். "கழட்டுப்பா ரெண்டையும். மேடத்துக்குப் பிடிக்கலையாம்" என்றான், தணிவாக, மரியாதையோடு. கார் மறுபடி மேலே ஏறியது. அது ஏறி நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி அவன் பூங்கோதையை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதில்லை, இருபத்தாறு வருஷமாகத் தீர்த்தகிரியை அவள் பார்த்துவந்த பார்வைதான் அது. அது தன்மேல் வந்து விழுந்தது இன்றைக்குத்தான்.